எல்லாரும் வாளி பிடித்த பந்தி

சிங்கப்பூருக்கு நான் போனது சுற்றிப் பார்க்க அல்ல, ஆட்டுக்கறிக் குழம்பு வைக்க. விமான நிலையத்தில் என் பெட்டிக்கு முன்னால் என் கரண்டி வந்தது. சாக்கில் சுற்றிய ஆளுயர இரும்புக் கரண்டி, பெட்டி வரும் பட்டையின் மேல் தனியாகப் படுத்தபடி சுற்றி வந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

என் தங்கை ஜெபா தெம்பனிஸில் இருக்கிறாள். நர்சாகப் போனவள், கல்யாணம் முடிந்து அங்கேயே தங்கிவிட்டாள். அவள் போகும் சபைக்கு ஆண்டு விழா. அதில் ஓர் அசனம் வைக்க வேண்டும், அதற்கு நான் வர வேண்டும் என்று மூன்று மாதமாகப் போனில் பிடுங்கினாள். அசனம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் சாத்தான்குளம் பக்கத்துக் கோயில்களில் பண்டிகை ஆராதனை முடிந்ததும் ஊரே வரிசையாக உட்கார்ந்து ஒரே குழம்பைச் சாப்பிடும். மாடி வீட்டு இலைக்கும் பனையேறி வீட்டு இலைக்கும் ஒரே அகப்பைதான். அந்தக் குழம்பை முப்பது வருஷமாக வைக்கிறவன் நான். யாரும் சொல்லித் தரவில்லை, பார்த்துப் படித்தது. என் பேச்சும் அப்படித்தான், பத்து பேர் பேசுவதைக் கேட்டுக் கேட்டு வந்தது. நல்லதாக யாராவது ஒன்று சொன்னால் சட்டைப்பை நோட்டில் எழுதிக்கொள்வேன். அந்த நோட்டைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் நாள் சனிக்கிழமை. பன்னிரண்டாவது மாடி, சன்னல் வழியே இன்னும் இருபது கட்டடங்கள், ஒவ்வொரு சன்னலிலும் கம்பில் கோத்த துணிகள். தங்கை மகள் ஷெரின் காலேஜில் படிக்கிறாள். கரண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மாமா, இது ஸ்பூனா, வெப்பனா?" என்றாள். அதுதான் நோட்டில் முதல் வரி.

இரவுச் சாப்பாட்டில் ஜெபா விஷயத்தைச் சொன்னாள். அவர்கள் சபைக் கட்டடம் லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரே கட்டடத்தில் காலையில் சீனமொழி ஆராதனை, பிறகு தமிழ், மதியத்துக்கு மேல் வீட்டு வேலை பார்க்கும் பிலிப்பினோ பெண்களின் ஆராதனை. ஒருவர் செருப்பு போடும்போது அடுத்தவர் செருப்பு கழற்றுவார்கள், அவ்வளவுதான் பழக்கம். இந்த ஆண்டு விழாவுக்கு எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஆராதனை, ஒரே சாப்பாடு. யோசனை அவளுடையது.

அதற்குப் பின்னால் வேறொன்று இருந்தது. கப்பல் பட்டறையில் வேலை செய்யும் நம் ஊர்ப் பிள்ளைகள் இருபது பேரை ஜெபாதான் மூன்று வருஷத்துக்கு முன் சபைக்கு அழைத்து வந்தாள். செல்வம் என்கிற வெல்டர் அவர்களுக்கு மூத்தவன். மூன்று மாதமாக ஒருவரும் வரவில்லை. போன் போட்டால் மரியாதையாக, "வேல இருக்குக்கா" என்கிறார்கள். அவர்கள் உட்காரும் இரண்டு வரிசை காலியாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு பாட முடியவில்லை என்றாள். ஊர்க் குழம்பு வாசத்துக்காவது வரமாட்டார்களா என்றுதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள்.

மறுநாள் ஞாயிறு, தமிழ் ஆராதனைக்குப் போனேன். ஏசி குளிர் முதுகைத் துளைத்தது. எங்கள் ஊரில் பிரசங்கம் நீண்டால் விசிறிக்கொள்வோம், அங்கே போர்த்திக்கொள்கிறார்கள். நடுவில் ஒரு பெரியவர் மைக்கைப் பிடித்து, புதிதாக வந்தவர்களும் விருந்தாளிகளும் எழுந்து நிற்கும்படி கேட்டுக்கொண்டார். எழுந்தேன். சபையே கைதட்டி ஒரு வரவேற்புப் பாட்டும் பாடியது. ஒரு பை தந்தார்கள். உள்ளே பிஸ்கட், சோப்பு, துண்டு, பற்பசை. எனக்குக் கைதட்டல் ரொம்பப் பிடிக்கும். உட்கார மறந்து நின்றுகொண்டிருந்தேன், ஷெரின்தான் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

சாயங்காலம் ஜெபா என்னைத் தேக்கா பக்கம் கூட்டிப்போனாள். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவைச் சொல்லில் வைக்க முடியாது. நம் ஊர்ச் சந்தையும் பஸ் நிலையமும் ஒன்றாகச் சேர்ந்து, ஆனால் குப்பை போடாமல் நடந்துகொண்டால் எப்படி இருக்கும், அப்படி. மல்லிகைப்பூ வாசம், மீன் வாசம், போன் கடைப் பாட்டு. புல்வெளியில் கும்பல் கும்பலாக உட்கார்ந்து ஊருக்கு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜெபா தூரத்தில் நின்று கை காட்டினாள். "அந்தா நீலச் சட்ட. நான் வந்தா எந்திரிச்சு நின்னுருவான். நீங்க மட்டும் போங்கண்ணே."

போய் உட்கார்ந்தேன். ஜெபாவின் அண்ணன் என்றேன். செல்வத்துக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், புதுக்கோட்டைப் பக்கம், கையெல்லாம் பொறி பட்ட தழும்பு. உடனே ஒருவன் ஓடிப்போய் எனக்குத் தே தாரிக் வாங்கி வந்தான். கயிறு கட்டிய பிளாஸ்டிக் பையில் டீ. எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் வேட்டியில் பாதி ஊற்றிக்கொண்டேன், அதில் எல்லாருக்கும் என்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. மழை, பயிர், தேர்தல் எல்லாம் பேசி முடித்த பிறகு, ஏன் தம்பி சபைக்கு வருவதில்லை என்று கேட்டேன். வேலை என்றான். இன்னைக்கு ஞாயிற்றுக்கிழமை புல்லுமேல உக்காந்திருக்கியே என்றேன். சிரித்துவிட்டான்.

அப்புறம் மெதுவாகச் சொன்னான். "அக்கா தங்கமானவங்கண்ணே. யாரும் ஒரு குத்தம் பண்ணல. வாரா வாரம் எந்திரிச்சு நிக்கச் சொல்லுவாங்க, கை தட்டுவாங்க, பை குடுப்பாங்க. எங்கிட்ட சோப்பே ஒரு பெட்டி இருக்கு. ஒரு நாள் நாற்காலி அடுக்கப் போனேன். ஒரு ஐயா ஓடி வந்து, நீங்க வாரம் பூரா உழைக்கிறீங்க, உக்காருங்க தம்பின்னு கையப் பிடிச்சு உக்கார வச்சுட்டாரு. மூணு வருஷமா வரவேற்கிறாங்கண்ணே. ஒரு வீட்டுல எத்தன வருஷம் விருந்தாளியாவே இருக்கிறது?"

நோட்டை எடுக்கவில்லை. அது எழுதாமலே நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து ஜெபாவிடம் அப்படியே சொன்னேன். சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தவள் கட்டையை வைத்துவிட்டாள். "அந்தக் கைதட்டலையும் பையையும் ஆரம்பிச்சு வச்சதே நாந்தாண்ணே," என்றாள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. அவர்கள் திரும்ப வராமல் போனால் மூன்று வருஷமும் தான் செய்தது பிழை என்றாகிவிடும் என்று மச்சானிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

திங்களும் செவ்வாயும் ஊர் பார்த்தேன். சைனாடவுனில் மாரியம்மன் கோயில் கோபுரத்துக்குக் கீழே நின்று பார்த்தால் ஒரே தெருவில் பள்ளிவாசலும் தெரிகிறது, வாத்து தொங்கும் சீனக் கடையும் தெரிகிறது. ஒருவர் பொருட்டு இன்னொருவர் ஒதுங்கி நிற்கும் ஊர் என்று நினைத்துக்கொண்டேன். கோப்பிக்கடையில் சிக்கன் சோறு சாப்பிட்டேன். வெறும் வேகவைத்த கோழி, இதற்கா இவ்வளவு வரிசை என்று ஏளனமாக ஆரம்பித்தவன், இரண்டாம் தட்டுக்கும் வரிசையில் நின்றேன்.

புதன்கிழமை தேக்கா சந்தை. இறைச்சிக் கடை பாயின் முன்னோர் நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்தவர்களாம், இவர் பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேயே. நான் தொடைக்கறியை அழுத்திப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "சமையக்காரர்தானே நீங்க? வாங்கித் திங்கிறவன் வெலையக் கேப்பான், சமைக்கிறவன் கையால கேப்பான்," என்றார். அசனம் என்றதும் அவருக்கே புரிந்துவிட்டது. நெஞ்செலும்பு தனியாக, கொழுப்பு தனியாக, ஞாயிறு விடியலில் சர்ச்சுக்கே அனுப்புவதாகச் சொன்னார். "எங்க தர்கா கந்தூரிச் சோறு மாதிரிதான லா. நல்லா வைங்க," என்றார். அங்கே யார் பேசினாலும் வாக்கியத்தின் வாலில் ஒரு 'லா' ஒட்டிக்கொள்கிறது.

அந்தச் சந்தோஷத்தில் ரயிலில் திசை மாறி ஏறிவிட்டேன். ஒரு கையில் கரண்டி, சபையில் வைக்கலாம் என்று கொண்டுபோனது, அங்கே பூட்டியிருந்தது. இன்னொரு கையில் கறிவேப்பிலை மூட்டை. தெம்பனிஸ் வரும் வரும் என்று பார்த்தால் புக்கிட் பாஞ்சாங் வந்து, இதற்கு மேல் ரயில் இல்லை என்று எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். முக்காடு போட்ட மலாய் அம்மா ஒருவர் என்னை எதிர்ப்பக்க ரயிலில் கொண்டுபோய் உட்கார வைத்தார். நன்றிக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை, ஒரு கொத்துக் கறிவேப்பிலை ஒடித்துக் கொடுத்தேன். மோந்து பார்த்துவிட்டுப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை கரண்டியோடு போனவன் சிங்கப்பூரில் நானாகத்தான் இருப்பேன்.

வெள்ளிக்கிழமை மாலை, கப்பல் பட்டறைகள் இருக்கும் துவாஸ் போனேன். செல்வம் தங்கும் விடுதிக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை. வேலை முடிந்து லாரியிலிருந்து இறங்கியவன் என்னைப் பார்த்துத் திகைத்துவிட்டான். விழாவுக்கு வா என்று நான் சொல்லவில்லை. "தம்பி, எனக்கு ஆள் வேணும்," என்றேன். "அங்க பரிமாறத் தெரிஞ்சவன் ஒருத்தன் இல்ல. பந்தியில வாளி புடிச்சிருக்கியா?"

"எங்க ஊருல கல்யாணம் காதுகுத்து எல்லாத்துக்கும் நாந்தாண்ணே வாளி," என்றான். முகம் மாறியது. பிறகு, ஞாயிறு காலை அரை நாள் ஓவர்டைம் போட்டிருக்கிறது, சூப்பர்வைசர் விட்டால் உண்டு, நிச்சயம் சொல்ல முடியாது என்றான். ஜெபாவிடம் இதைச் சொன்னேன். அவள் "சரி" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிறு விடியற்காலை சபையின் பின்முற்றத்தில் அடுப்பு மூட்டினேன். விறகு கிடையாது, எல்லாம் காஸ். புகை இல்லாத அசனம் எனக்கு அதுதான் முதல் தடவை. சீனச் சபையின் சமையல் பொறுப்பு லிம் ஆன்ட்டி என்பவருக்கு. எழுபது வயது, குட்டையான உருவம், கைகட்டி நின்றால் கதவு மூடியதுபோல் இருக்கும். தன் ஆட்களோடு வந்து பெரிய பானையில் காய்கறி சூப் வைத்தார். பிலிப்பினோ பெண்கள் தாம்பாளம் தாம்பாளமாக நூடுல்ஸ் கொண்டு வந்தார்கள்.

எங்கள் அசனத்தில் ஜெபம் பண்ணும் முன் யாரும் ருசி பார்ப்பதில்லை. உப்பை நான் மணத்தில்தான் பார்ப்பேன். லிம் ஆன்ட்டிக்கு அது தெரியுமா என்ன? நேராக வந்தார், என் குழம்பில் ஒரு கரண்டி எடுத்து ஊதிக் குடித்தார். நான் வாயைப் பிளந்து நின்றேன். கண்ணை மூடி நின்றவர் இன்னொரு கரண்டி எடுத்தார். ஷெரின் மொழிபெயர்த்தாள்: "உப்புக் கொறச்சலாம் மாமா." கோபத்தோடு மோந்து பார்த்தேன். குறைச்சல்தான். முப்பது வருஷத்தில் முதல் தடவை. ஏசி மூக்கு என்று ஷெரினிடம் சாக்குச் சொல்லிவிட்டு ஒரு கை உப்புப் போட்டேன்.

ஆராதனைக்கு நான் கடைசி வரிசையில் நின்றேன். ஒரே ராகத்தில் மூன்று மொழி. முதல் அடியில் மூவரும் ஒருவரையொருவர் முந்தப் பார்த்தார்கள், இரண்டாம் அடியில் ஒருவருக்காக ஒருவர் காத்தார்கள், மூன்றாம் அடியில் கூரை தூக்கியது. எனக்குப் பக்கத்தில் நின்ற பிலிப்பினோப் பெண் கண்ணை மூடி அழுதுகொண்டே சிரித்தாள். ஜெபா மட்டும் திரும்பித் திரும்பி வாசலைப் பார்த்தாள். இரண்டு வரிசை காலி. இந்தத் தடவை யாரையும் எழுந்து நிற்கச் சொல்லவில்லை. அவள்தான் வேண்டாமென்று சொல்லியிருந்தாள்.

ஜெபம் முடிந்து சாப்பாட்டு ஹாலுக்கு வந்தால்தான் கூத்து. நீள மேசைகளில் இலை போட்டாயிற்று. உட்கார ஆளில்லை. ஜெபாவின் ஆட்கள் வாளியும் அகப்பையுமாக நிற்கிறார்கள். எதிரே லிம் ஆன்ட்டியின் ஆட்கள் ஏப்ரன் கட்டி சூப்போடு நிற்கிறார்கள். நடுவில் பிலிப்பினோ பெண்கள் தாம்பாளத்தோடு. மூன்று பேருக்கும் ஒரே சட்டம்: விருந்தாளி சாப்பிட்டு முடிக்காமல் வீட்டுக்காரர் உட்காரக் கூடாது. மூன்று பேரும் மற்ற இருவரைத்தான் விருந்தாளி என்று நினைத்திருந்தார்கள்.

நீங்க உட்காருங்க என்று ஜெபா சொன்னாள். கட்டடத்துக்கு முதலில் வந்தவர்கள் நாங்கள், ஆகவே நீங்கள்தான் உட்கார வேண்டும் என்று லிம் ஆன்ட்டி சொல்லியனுப்பினார். நாங்கள் தினமும் பரிமாறுகிறவர்கள், எங்களுக்குப் பழக்கம் என்று பிலிப்பினோ பெண்கள் சொன்னார்கள். சபைப் போதகர்கள்கூட ஒருவரையொருவர் நாற்காலிக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். முந்நூறு பேர், ஒரு இலையிலும் ஒரு பருக்கை இல்லை. சோறு ஆறுகிறது. சமையல்காரனுக்கு அதைவிட நரகம் கிடையாது. மரியாதையிலேயே எல்லாரும் பட்டினி கிடந்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

அப்போது வாசலில் பூட்ஸ் சத்தம். செல்வமும் அவன் ஆட்களும், இருபது பேர். ஓவர்டைம் முடிந்து குளிக்கக்கூட நேரமில்லாமல் முகம் கழுவிய ஈரத்தோடு வந்திருந்தார்கள். ஹாலே அந்தப் பக்கம் திரும்பியது. அத்தனை பேர் முகத்திலும் நிம்மதி, விருந்தாளி கிடைத்துவிட்டான் என்று. மூன்று பக்கமிருந்தும் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. செல்வத்தின் கால் வாசலில் நின்றுவிட்டது. இவன் இப்படியே திரும்பிப் போய்விடுவான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஜெபாவுக்கும் தெரிந்துவிட்டது.

ஜெபா தன் கையில் இருந்த சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு நேராக அவனிடம் நடந்தாள். வாழ்த்தும் இல்லை, வாங்க தம்பியும் இல்லை. "ஏன் இவ்வளவு நேரம்? ஏலே, பந்தி நிக்குதுல்லா. புடி," என்றாள். இருபது வருஷத்துச் சிங்கப்பூர் அவள் வாயிலிருந்து கழன்றுபோய்ச் சாத்தான்குளம் வந்துவிட்டது.

செல்வம் வாளியை வாங்கினான். சுற்றிலும் பார்த்தான். ஏப்ரன் கட்டியவர்கள், அகப்பை பிடித்தவர்கள் எல்லாரையும் பார்த்தான். சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. "என்னண்ணே, வீடு பூரா பொண்ணு வீட்டுக்காரங்களா நிக்கிறாங்க?" என்று என்னைக் கேட்டுவிட்டு லிம் ஆன்ட்டி முன்னால் போய் நின்றான். பட்டறை ஃபோர்மேனிடம் படித்த சீனம் அவனிடம் நாலு வார்த்தை இருந்தது. அவர் கையிலிருந்த சூப் கரண்டியை மெதுவாக வாங்கிக்கொண்டு, நாற்காலியைக் காட்டி ஒரே வார்த்தை சொன்னான். உட்கார் என்று அர்த்தமாம், ஃபோர்மேன் சொல்லும் அதே அதட்டலில். லிம் ஆன்ட்டி சட்டென்று உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த பிறகுதான் தான் உட்கார்ந்ததே அவருக்குத் தெரிந்தது. சீனர்கள் பக்கம் வெடித்த சிரிப்பில் ஹால் குலுங்கியது. தலைவி உட்கார்ந்த பிறகு மற்றவர்கள் எப்படி நிற்பது? மடமடவென்று நாற்காலிகள் நிறைந்தன.

அங்கே ஒரு பெரியவர் தயங்கினார். செல்வத்தைப் பிடித்து உட்கார வைத்த அதே ஐயாதான் என்று பிறகு தெரிந்தது. "தம்பி, நீங்க வேலையிலேருந்து வர்றீங்க, உங்கள வேல வாங்குற மாதிரி இருக்கே," என்றார்.

"ஐயா, கூலிக்குச் செய்யிறது வேற," என்றான் செல்வம். "வீட்டுக்காரன் பரிமாறுறது வேற. சாப்புடுங்க."

அவர் இலையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நான் பார்த்த பந்திகளிலேயே அழகான பந்தி அது. இருபது பேரும் ஊர்ப் பழக்கம் மறக்கவில்லை. சோறு ஒருவன், பின்னாலேயே குழம்பு, அதற்குப் பின்னால் சூப், நூடுல்ஸ், எலும்பு வேண்டுமா, கறி வேண்டுமா என்று விசாரிப்பு. வேண்டாம் என்று கையை மறித்தவர்களுக்கு விரல் இடுக்கு வழியாகப் போட்டார்கள். நூடுல்ஸ் மேல் குழம்பு விட்டுச் சாப்பிட்ட ஒரு பிலிப்பினோப் பெண், இனிமேல் இதைத்தான் செய்வேன் என்று ஷெரினிடம் செய்முறை கேட்டாள். இரண்டாம் பந்திக்குச் செல்வத்தின் ஆட்கள் உட்கார்ந்தபோது லிம் ஆன்ட்டி எழுந்து வாளி எடுத்தார். செல்வம் மறுக்கவில்லை. "ஆன்ட்டி, கொஞ்சம் கொழுப்பு பாத்துப் போடுங்க," என்று கேட்டே வாங்கினான். உப்பு எப்படி என்று நான் கேட்டேன். சரியாக இருக்கிறதாம். அது யார் சொல்லிப் போட்ட உப்பு என்று நான் வெளியே சொல்லவில்லை.

ஜெபா சாப்பிட்டாளா என்று தேடினேன். மூலையில் உட்கார்ந்து, ஒரு வாரத்துப் பசியோடு, யாரையும் கவனிக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மிச்சம் வந்த சோற்றையும் குழம்பையும் பொட்டலம் கட்டுவது எங்கள் வழக்கம், பந்திக்கு வர முடியாமல் வீட்டில் இருப்பவர்களுக்கு. பொட்டலம் கொடுக்கச் செல்வம் தானாகவே போய் வாசலில் நின்றுகொண்டான். நாற்காலிகளை அவன் ஆட்கள் அடுக்கினார்கள், இந்தத் தடவை யாரும் ஓடி வரவில்லை. ஒவ்வொருவராக அவனைத் தாண்டிப் போனார்கள். லிம் ஆன்ட்டி கடைசியாக வந்தார். அவருக்கு இரண்டு பொட்டலம் கொடுத்தான்.

"அடுத்த வாரமும் வந்துருங்க ஆன்ட்டி," என்றான். "லேட் பண்ணாம வாங்க லா."

ஷெரின் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தாள். நாற்பது வருஷமாக அந்தச் சபைக்கு வருகிற லிம் ஆன்ட்டி, பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, கூப்பிட்டதற்கு நன்றி, நேரத்துக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லச் சொன்னார்.